கதிர்வீச்சின்போது வரும் வாய்ப்புண்: கிருமியைக் கொன்றால் ஆறிவிடுமா?

கேள்வி: என் அப்பாவுக்கு 61 வயது. நாக்கின் அடிப்பகுதியில் புற்றுநோய். மொத்தம் 35 சிட்டிங் கரண்ட் (கதிர்வீச்சு) சிகிச்சை, வாரம் ஒரு நாள் கீமோ என்று சொல்லி ஆரம்பித்தார்கள். 17 சிட்டிங் முடிந்திருக்கிறது. வாய் முழுக்கப் புண். வெள்ளையாக ஏதோ படிந்திருக்கிறது, வாடையும் வீசுகிறது. தண்ணீர் விழுங்கும்போதே கண்ணில் நீர் வந்துவிடுகிறது. வாயில் கிருமி சேர்ந்ததால்தான் ஆறவில்லை என்று உறவினர் ஒருவர் ஆன்டிபயாட்டிக் மாத்திரை வாங்கிக் கொடுத்தார். இரண்டு நாளாகப் போட்டுக்கொண்டிருக்கிறார். கிருமிநாசினி மவுத்வாஷால் ஒரு நாளைக்கு ஐந்தாறு தடவை கொப்பளிக்கிறார், எரிச்சல் தாங்க முடியவில்லை என்கிறார். ஒரு வாரமாகப் பல் துலக்கவில்லை. புண் ஆறும்வரை கரண்ட்டை நிறுத்தி வைக்கலாமா என்று கேட்கிறார். கிருமியை ஒழித்தால் புண் ஆறிவிடுமா, டாக்டர்?

பதில்:

அன்புள்ள வாசகிக்கு,

உங்கள் கடைசிக் கேள்விக்கே முதலில் வருகிறேன். கிருமியைக் கொல்வதால் மட்டும் இந்தப் புண் ஆறாது. அப்பாவின் வாயில் புண்ணைத் தொடங்கிவைத்தது கதிர்வீச்சு. ஆனால் உங்கள் உறவினர் சொன்னதை முழுக்கத் தள்ளிவிடவும் முடியாது. தொடங்கிய புண்ணை ஆழமாக்குவதிலும், வலியைக் கூட்டுவதிலும், ஆறவிடாமல் இழுத்தடிப்பதிலும் வாயில் வாழும் கிருமிகளுக்குப் பங்கு உண்டு. இந்த இரண்டையும் சேர்த்துப் புரிந்துகொண்டால்தான் எதைச் செய்வது, எதை விடுவது என்பது தெளிவாகும். கதிர்வீச்சு பெறுகிறவர்களின் வாயைப் பார்த்துக்கொள்வதே என் வேலை என்பதால் கொஞ்சம் விரிவாகவே எழுதுகிறேன்.

ஆனால் அந்த ஆன்டிபயாட்டிக் விஷயம் அதுவரை காத்திருக்க வேண்டாம். அடுத்த மாத்திரையைக் கொடுப்பதற்கு முன் சிகிச்சை தரும் மருத்துவரிடம் கேளுங்கள். நாளை சிட்டிங்குக்குப் போகும்போது மாத்திரை அட்டையைக் கையோடு எடுத்துச் சென்று, எத்தனை மாத்திரை உள்ளே போயிருக்கிறது என்றும் சொல்லிவிடுங்கள். இந்தச் சிகிச்சையோடு வாரம் ஒருமுறை ஏற்றப்படும் கீமோ பெரும்பாலும் சிஸ்பிளாட்டின்தான். அது சிறுநீரகத்தைப் பாதிக்கக்கூடிய மருந்து. அதனோடு வேறு என்ன மாத்திரை உடம்பில் போகிறது என்பது அவர்களுக்குத் தெரிந்தே ஆகவேண்டும்.

இனி, புண் எப்படி உண்டாகிறது என்று பார்ப்போம். வாயின் உட்சவ்வு ஓயாமல் தன்னைப் புதுப்பித்துக்கொண்டே இருக்கும் திசு. மேலே தேய்ந்து உதிரும் செல்களுக்கு ஈடாக, அடித்தளத்தில் இருக்கும் செல்கள் பிரிந்து பிரிந்து மேலே வந்துகொண்டிருக்கும். ஒன்றிரண்டு வாரத்தில் மொத்தச் சவ்வும் புதிதாகிவிடும். வேகமாகப் பிரியும் செல்களைத்தான் கதிர்வீச்சு பலமாகத் தாக்கும். புற்றணுவை அப்படித்தான் அது கொல்கிறது, சவ்வின் அடித்தளச் செல்களும் அதே காரணத்தால் அடிபடுகின்றன. முதல் சிட்டிங் அன்றே சவ்வுக்கு அடியில் ஆக்சிஜன் சார்ந்த தீவிர மூலக்கூறுகள் உருவாகி, செல்களுக்குள் அபாய அறிவிப்புகளைத் தூண்டிவிடுகின்றன. அழற்சியை உண்டாக்கும் வேதிப்பொருள்கள் சுரக்கத் தொடங்குகின்றன. வெளியே பார்த்தால் ஒன்றும் தெரியாது. அமெரிக்க வாய்நோய் மருத்துவர் ஸ்டீஃபன் சோனிஸ் இதை ஐந்து கட்டங்களாகப் பிரித்து 2004-ல் விளக்கினார். அதில் புண்ணாகத் திறப்பது நான்காவது கட்டம்தான். அதற்கு முந்தைய மூன்றும் சவ்வுக்கு அடியில் கண்ணுக்குத் தெரியாமல் நடந்துமுடிகின்றன.

அதனால்தான் முதல் வாரம் பெரும்பாலானோருக்கு எதுவும் தெரிவதில்லை. இரண்டாவது வாரத்தில் வாய் சிவந்து, காரமோ சூடோ பட்டால் உறைக்கும். மூன்றாவது வாரத்தில் புண் திறக்கும். 35 சிட்டிங்கில் மொத்தம் 70 கிரே (கதிர்வீச்சை அளக்கும் அலகு) என்பது வழக்கமான அளவு, ஒரு சிட்டிங்குக்கு 2 கிரே. அப்பாவுக்கு 17 முடிந்திருப்பதால் ஏறத்தாழ 34 கிரே சேர்ந்திருக்கும். புண் இப்போது இப்படி இருப்பது எதிர்பார்த்த நேரத்தில் எதிர்பார்த்தபடி வந்ததுதான். நீங்கள் கவனிக்கத் தவறியதால் வந்ததல்ல. அடுத்து வருவதையும் முன்கூட்டியே சொல்லிவிடுகிறேன்: ஐந்து முதல் ஏழாவது வாரம் வரை இது இன்னும் கடுமையாகும். சிகிச்சை முடிந்த மறுநாளே குறைந்துவிடாது. முடிந்த பிறகு பெரும்பாலும் இரண்டு முதல் நான்கு வாரத்தில் சவ்வு மூடிக்கொள்ளும், கீமோவும் சேர்ந்தவர்களுக்குச் சில நேரம் இன்னும் நாளாகும். இது தெரியாமல் இருக்கும்போதுதான் கடைசி சிட்டிங் முடிந்த வாரத்தில் பலர் மனம் உடைந்துபோகிறார்கள்.

கிருமி எங்கே உள்ளே வருகிறது? நம் வாயில் 700 வகைக்கு மேற்பட்ட பாக்டீரியாக்கள் வாழக்கூடும் என்று கண்டறிந்திருக்கிறார்கள். நலமான வாயில் அவை சவ்வின் மேலேயே தங்கிவிடும். சவ்வு முழுதாக இருக்கும்வரை உள்ளே போக வழியில்லை, உமிழ்நீரும் அவற்றை அடித்துக் கழுவிக்கொண்டே இருக்கும். சவ்வு திறந்துவிட்டால் வேலி சாய்ந்த வயலின் கதைதான், வெளியே நின்றிருந்த மாடுகள் எல்லாம் உள்ளே இறங்கிவிடும். புண்ணின் மேல் பாக்டீரியாக்கள் குடியேறுகின்றன. அவற்றின் செல்சுவரிலிருந்து உதிரும் பொருள்கள் அடித்திசுவுக்குள் கசிந்து, அங்கே காவலுக்கு இருக்கும் நோயெதிர்ப்புச் செல்களை உசுப்புகின்றன. அவை இன்னும் அதிகமாக அழற்சிப் பொருள்களைச் சுரக்கின்றன, புண் ஆழமாகிறது. கதிர்வீச்சு தொடங்கிவைத்ததைக் கிருமி இப்படித்தான் பெருக்குகிறது. ஆனால் மாட்டை விரட்டினால் மட்டும் வேலி தானாக எழுந்துவிடாது. அடித்தளச் செல்கள் மறுபடி பிரிந்து மேலே வந்தால்தான் புண் மூடும்.

எந்தக் கிருமிகள் என்பதும் முக்கியம். சிகிச்சைக்கு முன் வாயில் அதிகம் இருப்பவை பெரும்பாலும் சாதுவான ஸ்ட்ரெப்டோகாக்கஸ் வகைகள். சிகிச்சை நடக்க நடக்க இந்தக் கூட்டத்தின் சேர்க்கையே மாறுகிறது. சீனாவில் மூக்குத்தொண்டைப் புற்றுநோய்க்குக் கதிர்வீச்சு பெற்றவர்களிடம் பல கட்டங்களில் மாதிரி எடுத்துப் பார்த்து 2018-ல் வெளியிட்ட ஆய்வில், புண் கடுமையாக இருந்த காலத்தை ஒட்டி ஃபியூசோபாக்டீரியம், போர்ஃபைரோமோனாஸ், பிரிவோடெல்லா, டிரெப்போனிமா போன்றவை உச்சத்துக்குப் போனது தெரிந்தது. ஈறுநோய் பார்க்கும் எவருக்கும் இவை பழகிய பெயர்கள். ஈறு வீங்கி, பல்லுக்கும் ஈறுக்கும் நடுவே குழி விழுந்தவர்களிடம் நாங்கள் பார்க்கும் அதே கூட்டம். காற்று குறைந்த இடுக்குகளில் வாழ்பவை, அந்த வாடைக்கும் பெரும்பாலும் இவைதான் காரணம். கதிர்வீச்சு தொடங்கும் முன் பல் மருத்துவரைப் பார்த்து ஈறைச் சுத்தம் செய்துகொள்ளச் சொல்வதும் இதற்காகத்தான். அப்பாவுக்கு அது நடக்கவில்லை என்றாலும் இனி செய்யக்கூடியது நிறைய இருக்கிறது.

உமிழ்நீர் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும், ஏனென்றால் கிருமி மாற்றத்தின் வேர் பாதி அதில்தான் இருக்கிறது. ஒரு நாளைக்கு அரை முதல் ஒன்றரை லிட்டர் வரை ஊறும் உமிழ்நீர் வாயைக் கழுவுகிறது, அமிலத்தைச் சமன்செய்கிறது, கிருமியைத் தடுக்கும் புரதங்களைக் கொண்டுவருகிறது. காதுக்கு முன்னே இருக்கும் பரோட்டிட் சுரப்பி கதிர்வீச்சுக்கு மிகவும் மென்மையானது, முதல் வாரத்திலேயே சுரப்பு குறையத் தொடங்கிவிடும். அதற்குச் சராசரியாக 26 கிரேவுக்குக் குறைவாகப் படும்படி திட்டமிட இன்றைய கருவிகளில் முயல்கிறார்கள், எல்லாருக்கும் அது முடிவதில்லை. எஞ்சியிருக்கும் உமிழ்நீர் கெட்டியாக, நூல்நூலாக வரும். கழுவும் நீர் இல்லாத வாயில் அமிலத்தைத் தாங்கும் கிருமிகளும் கேண்டிடா என்ற பூஞ்சையும் கூடும்.

இவ்வளவு பங்கு கிருமிக்கு இருந்தால், பலமான மருந்து கொடுத்துக் கொன்றுவிட்டால் என்ன என்றுதான் யாருக்கும் தோன்றும். மருத்துவ உலகத்துக்கும் அப்படித்தான் தோன்றியது. மூன்று கிருமிக்கொல்லிகளைக் கலந்து வாயில் கரையவிடும் மாத்திரைகளைச் செய்துபார்த்தார்கள். பெரிதாகப் பலன் இல்லை, வழிகாட்டு நெறிகள் அதைப் பரிந்துரைப்பதில்லை. இசெகனன் என்று கிருமியைத் துளைத்துக் கொல்லும் ஒரு புதிய மருந்து வந்தது, 2004-ல் வெளியான பெரிய ஆய்வில் அது மருந்தில்லாத வெறும் கரைசலைவிட மேலாக எதையும் செய்யவில்லை. உங்கள் வீட்டு மவுத்வாஷில் இருப்பது பெரும்பாலும் குளோர்ஹெக்சிடினாக இருக்கும், பாட்டிலில் பாருங்கள். அதுவும் ஈறுநோய்க்கு நல்ல மருந்துதான். ஆனால் தலை, கழுத்துப் புற்றுநோய்க் கதிர்வீச்சில் வரும் இந்தப் புண்ணைத் தடுக்க அதைப் பயன்படுத்த வேண்டாம் என்றுதான் புற்றுநோய்த் துணைச்சிகிச்சைக்கான சர்வதேச அமைப்பான மாஸ்க்கின் வழிகாட்டி சொல்கிறது. ஆல்கஹால் கலந்ததாக இருந்தால் கேட்கவே வேண்டாம், திறந்த புண்ணில் ஆல்கஹால் ஊற்றுவதுதான் அது. அப்பா எரிகிறது என்று சொல்வது நூற்றுக்கு நூறு உண்மை, அந்தப் பாட்டிலை மூடி வையுங்கள்.

ஆன்டிபயாட்டிக்கில் இன்னொரு சிக்கல் உண்டு. அது கெட்ட பாக்டீரியாவையும் சாதுவானவற்றையும் ஒன்றாகத் துடைத்துவிடும். காலியான இடத்தைக் கேண்டிடா பூஞ்சை பிடித்துக்கொள்ளும். இரண்டு புண்ணுக்கும் சேர்த்து வலி வரும். ஆன்டிபயாட்டிக் ஒருபோதும் வேண்டாம் என்று சொல்லவில்லை. காய்ச்சல், சீழ், வீக்கம், இரத்தத்தில் வெள்ளணு குறைவு என்று காரணம் இருந்தால் கண்டிப்பாகத் தேவைப்படும். எது, எவ்வளவு நாள் என்பதை இரத்தப் பரிசோதனையைப் பார்த்து அவர்கள் எழுதித் தரட்டும்.

அந்த வெள்ளைப் படிவத்துக்கு வருவோம். நல்ல வெளிச்சத்தில், டார்ச் அடித்து, அப்பாவை வாய் திறக்கச் சொல்லிப் பாருங்கள். கன்னத்தின் உட்புறத்திலும் நாக்கின் பக்கவாட்டிலும், சிவந்த பரப்பின் நடுவே வெளிர்மஞ்சளாக, ஈரத் தாள் ஒட்டியதுபோல வழவழவென்று ஒரு படலம் இருந்தால் அது புண்ணின் மேல் படியும் ஃபைப்ரின் படலம். உறைந்த நிணநீரும் இறந்த செல்லும் கலந்தது, புண்ணுக்கு உடம்பே போட்டுக்கொள்ளும் கட்டு. அதைச் சுரண்டி எடுக்கக் கூடாது. எடுத்தால் இரத்தம் கசியும், வலி கூடும், கிருமிக்கு வழி திறக்கும். பலர் அழுக்கு என்று நினைத்துத் துணியால் அழுத்தித் துடைத்துவிடுகிறார்கள். மாறாக, வெள்ளைவெள்ளையாகத் திட்டுத்திட்டாக, லேசாகத் தொட்டாலே பிரிந்து வந்து, அடியில் செக்கச்சிவந்து இருந்தால் அது கேண்டிடாவாக இருக்கலாம். உதட்டின் ஓரம் வெடித்திருப்பதும், புண் பெரிதாக இல்லாமலே வாய் முழுக்கத் திடீரென்று எரிவதும் அதன் அடையாளம்தான். இதைச் சோதிக்க நீங்களே தேய்த்துப் பார்க்க வேண்டாம். பார்த்ததை மருத்துவரிடம் சொல்லுங்கள், கைபேசியில் படம் எடுத்துக் காட்டினாலும் போதும். பூஞ்சை என்றால் நிஸ்டாட்டின் சொட்டோ ஃப்ளூகோனசோல் மாத்திரையோ தருவார்கள், சில நாளில் எரிச்சல் குறைவது தெரியும். ஃப்ளூகோனசோல் வேறு பல மருந்துகளோடு மோதும், குறிப்பாக இரத்தம் உறையாமலிருக்க வார்ஃபரின் எடுப்பவர்களுக்கு. அப்பா வேறு என்னென்ன மாத்திரை போடுகிறார் என்பதை எழுதிக் கொண்டுபோங்கள். கதிர் படாத இடத்தில், உதாரணமாக மேலண்ணத்தின் முன்பகுதியிலோ ஈறிலோ சின்னச்சின்னதாகக் கொத்தாகப் புண் வந்திருந்தால் அதையும் சொல்லுங்கள். அது ஹெர்ப்பிஸ் வைரஸாக இருக்கக்கூடும், அதற்கு மருந்தே வேறு.

இப்போது பல் துலக்குவது. உங்கள் கடிதத்தில் எனக்கு மிகவும் கவலை தந்த வரி, ஒரு வாரமாகத் துலக்கவில்லை என்பதுதான். பல்லின் மேல் படியும் படிவம் ஒரு வாரத்தில் தடித்து, நான் மேலே பெயர் சொன்ன கிருமிகளுக்குக் குடியிருப்பாகிவிடும். அங்கிருந்து பக்கத்தில் இருக்கும் புண்ணுக்கு அவை வந்துகொண்டே இருக்கும். கொப்பளிப்பதால் இந்தப் படிவம் போகாது, எந்த மவுத்வாஷாலும் போகாது. தூரிகை தொட்டால்தான் போகும். எனவே இன்று இரவே தொடங்குங்கள். கடையில் கிடைப்பதிலேயே மிக மென்மையான பிரஷ் வாங்குங்கள், தலைப்பகுதி சிறியதாக இருக்கட்டும். பயன்படுத்தும் முன் வெதுவெதுப்பான நீரில் சில நிமிடம் ஊறவைத்தால் நார்கள் துவண்டுவிடும். புதினா வாசனைப் பசை எரியும், நுரை வரவழைக்கும் சோடியம் லாரில் சல்பேட்டும் சிலருக்கு எரியும். ஃப்ளோரைடு உள்ள, வாசனை குறைந்த பசையைப் பட்டாணி அளவு எடுத்தால் போதும். அதுவும் முடியாவிட்டால் பசையே இல்லாமல் வெறும் நீரில் துலக்குங்கள். பிரஷ்ஷைப் பென்சில் பிடிப்பதுபோல விரல்நுனியில் பிடித்தால் அழுத்தம் தானாகக் குறையும். பல்லும் ஈறும் சேரும் விளிம்பில் நார்நுனியை வைத்து, இடத்தைவிட்டு நகர்த்தாமல் லேசாக அசைத்து, பிறகு அடுத்த பல்லுக்குப் போக வேண்டும். கன்னத்துப் புண்ணில் பிரஷ்ஷின் பின்புறம் உரசாமல் இருக்க, மற்றொரு கையின் விரலால் கன்னத்தை விலக்கிப் பிடித்துக்கொள்ளலாம். வலி மருந்து கொடுத்து அது வேலை செய்யத் தொடங்கிய பிறகு துலக்கினால் அப்பா சம்மதிப்பார். காலையும் இரவும் என்று இரண்டு முறை போதும். முதல் இரண்டு நாள் ஈறில் இரத்தம் கசியலாம், அது சேர்ந்த படிவத்தால் வீங்கிய ஈறு, சுத்தமாக ஆகக் குறையும். ஆனால் நிற்காமல் கசிந்தால் இரத்தம் உறைய உதவும் தட்டணுக்களின் எண்ணிக்கையைப் பார்க்க வேண்டும், உடனே தெரிவியுங்கள். எதுவுமே தாங்காத நாளில் மட்டும், ஈரமான மெல்லிய காஸ் துணியை விரலில் சுற்றிப் பல்லை மட்டும் துடைத்துவிடுங்கள்.

பல்செட் வைத்திருந்தால் கழற்றிவிடுவது நல்லது. அது அழுத்தும் இடமெல்லாம் புண்ணாகும், அதன் உட்பரப்பில் பூஞ்சை குடியிருக்கும்.

கொப்பளிப்பதற்கு உப்பும் சமையல் சோடாவும் போதும். கொதித்து ஆறிய ஒரு லிட்டர் நீரில் ஒரு தேக்கரண்டி உப்பு, ஒரு தேக்கரண்டி சமையல் சோடா. தினமும் புதிதாகக் கலக்குங்கள். விழித்திருக்கும் நேரத்தில் இரண்டு மூன்று மணிக்கு ஒருமுறை, சாப்பிட்ட பிறகும், வாந்தி எடுத்திருந்தால் அதன் பிறகும். கன்னத்தை உப்பவைத்துச் சத்தமாகக் கொப்பளிக்கத் தேவையில்லை, வாயில் வைத்துக்கொண்டு தலையை இருபக்கமும் சாய்த்துத் துப்பினாலே போதும். இந்தக் கரைசல் புண் வராமல் தடுக்கும் என்று நிரூபணம் ஏதும் இல்லை என்பதையும் சொல்லிவிட வேண்டும். அது செய்வது சாதாரண வேலைதான்: ஒட்டியிருக்கும் உணவை எடுக்கும், கெட்டிச் சளியை இளக்கும், அமிலத்தைக் குறைக்கும், வாயை நனைக்கும். உமிழ்நீர் செய்யாமல் விட்ட வேலையில் ஒரு பகுதியை எரிச்சல் இல்லாமல் செய்கிறது. எனக்கு அதுவே போதுமான காரணம்.

வலியை அடக்காமல் இவை எதுவும் நடக்காது. வலியைப் பொறுத்துக்கொள்வது மனவுறுதி என்று அப்பா நினைத்தால் அதை மாற்றுங்கள். வலி இருந்தால் துலக்க மாட்டார், விழுங்க மாட்டார், எடை குறையும், கிருமி கூடும். தண்ணீர் விழுங்கவே கண்ணீர் வருகிறது என்றால் மிதமான மாத்திரைகளின் எல்லை தாண்டிவிட்டது. உணவுக்கு முன் மரக்கவைக்கும் லிக்னோகெயின் கரைசல் உதவும், ஆனால் தொண்டை மரத்திருக்கும்போது சாப்பிட்டால் புரையேறலாம், கன்னத்தைக் கடித்துக்கொண்டாலும் தெரியாது. எவ்வளவு, எப்போது என்று கேட்டுக்கொள்ளுங்கள். டாக்ஸெபின் கரைசலும், லிக்னோகெயின் கலந்த கரைசலும் வலியை ஓரளவு குறைப்பதாக 2019-ல் அமெரிக்காவில் வெளியான ஆய்வு காட்டியது. பலருக்கு இந்த வாரங்களில் மார்ஃபின் தேவைப்படும். அந்தப் பெயரைக் கேட்டு அஞ்ச வேண்டாம். மருத்துவர் கணக்குப்படி கொடுத்து, புண் ஆற ஆறக் குறைத்து நிறுத்துவார்கள். மலச்சிக்கல் வரும், அதற்கான மருந்தையும் முதல் நாளே கேட்டு வாங்குங்கள். பென்சிடமைன் என்ற கரைசல் அழற்சியையே குறைக்கக்கூடியது, மாஸ்க் வழிகாட்டியும் கதிர்வீச்சு பெறுவோருக்கு அதைத் தடுப்புக்காகச் சொல்கிறது. ஆனால் புண் திறந்த பிறகு சிலருக்கு எரியும், பாதிக்குப் பாதி நீர் கலந்து பார்க்கலாம்.

குறைந்த திறன் லேசர் ஒளியை வாயில் செலுத்தும் சிகிச்சை உங்கள் மருத்துவமனையில் இருக்கிறதா என்று கேளுங்கள். இந்தப் புண்ணுக்கு இன்று நம்மிடம் இருப்பதில் நல்ல ஆதாரம் உள்ளவற்றில் அது ஒன்று. முதல் நாளிலிருந்தே தொடங்கினால் பலன் அதிகம். தேனுக்கும் ஓரளவு ஆதாரம் உண்டு, ஆனால் உமிழ்நீர் வற்றிய வாயில் இனிப்புத் தங்கினால் பல் சொத்தையாகும், சர்க்கரை நோய் இருந்தால் இன்னும் யோசிக்க வேண்டும். நல்ல பாக்டீரியா அடங்கிய மாத்திரைகளும் ஆய்வில் நம்பிக்கை தருகின்றன. கிருமியைக் கொல்வதைவிடக் கூட்டத்தின் சமநிலையைத் திருத்துவது என்ற அந்த எண்ணம் எனக்குப் பிடித்திருக்கிறது. இருந்தாலும் கீமோவில் இருப்பவருக்கு உயிருள்ள பாக்டீரியாவைக் கடையில் வாங்கிக் கொடுக்காதீர்கள். விட்டமின் ஈ போன்ற சத்து மாத்திரைகளையும் சிகிச்சை முடியும்வரை தள்ளிவையுங்கள், அவை கதிர்வீச்சின் வேலையையே மட்டுப்படுத்தக்கூடும் என்ற கவலை இருக்கிறது.

நிறுத்தி வைக்கலாமா என்ற கேள்வி. அப்பாவிடம் என் சார்பில் சொல்லுங்கள், கூடவே கூடாது. நான்காவது வாரத்தை ஒட்டி, எஞ்சியிருக்கும் புற்றணுக்கள் முன்னைவிட வேகமாகப் பெருகத் தொடங்கும் என்பது நெடுநாளாகத் தெரிந்த உண்மை. இந்தப் புற்றுநோயில் சிகிச்சைக் காலம் நீளும் ஒவ்வொரு நாளுக்கும், நோய் கட்டுக்குள் வரும் வாய்ப்பு ஏறத்தாழ 1 முதல் 1.5 சதவீதம் வரை குறைவதாகக் கணக்கிட்டிருக்கிறார்கள். ஒரு வாரம் ஓய்வு எடுத்தால் எவ்வளவு போகும் என்று நீங்களே பாருங்கள். விட்ட பிறகு டோஸைக் கூட்டி ஈடுகட்டுவதும் எளிதல்ல. நிறுத்த வேண்டிய நிலை வந்தால் அதை முடிவு செய்ய வேண்டியது மருத்துவக் குழு, வலி அல்ல. இத்தனை வேலையும் செய்யச் சொல்வது அந்த 35-ஐயும் இடைவெளி இல்லாமல் முடிக்கத்தான்.

அதற்கு அவர் உடம்பு தாங்க வேண்டும். வாரம் ஒருமுறை ஒரே எடைமேடையில் எடை பாருங்கள். மிருதுவாக, ஆறியதாக, காரமும் புளிப்பும் இல்லாமல், ஒரு வாயில் அதிகச் சத்துப் போகும்படி கொடுங்கள். ஒரு மாதத்தில் 5 சதவீதத்துக்கு மேல் எடை குறைந்தாலோ, ஒரு நாள் முழுக்க நீர் இறங்காவிட்டாலோ மூக்குவழியாகவோ வயிற்றுவழியாகவோ குழாய் வைப்பது பற்றிப் பேசுவார்கள். அதைத் தோல்வியாக நினைக்காதீர்கள். குழாய் இருந்தாலும் தினமும் சில வாய் விழுங்கச் சொல்லுங்கள், விழுங்கும் தசைகள் பழக்கம் விட்டுப்போனால் திரும்பக் கற்பது கடினம்.

காய்ச்சலை மட்டும் காத்திருந்து பார்க்காதீர்கள். 38 டிகிரி செல்சியஸ், அதாவது 100.4 பாரன்ஹீட்டைத் தொட்டால் இரவானாலும் மருத்துவமனைக்குக் கூப்பிடுங்கள். குளிர்நடுக்கம், குழப்பம், மூச்சுத்திணறல் இருந்தால் நேரே அவசரப் பிரிவுக்குப் போங்கள். கீமோவால் வெள்ளணு குறைந்திருக்கும் நேரத்தில் திறந்த புண் வழியாக வாய்ப் பாக்டீரியா இரத்தத்தில் கலந்தால் சில மணி நேரத்தில் உயிருக்கே ஆபத்தாகலாம். காய்ச்சல் மாத்திரை போட்டு மறைத்துவிடவும் வேண்டாம். வலிக்காகப் பாராசிட்டமால் போடுகிறார் என்றால், ஒவ்வொரு முறையும் அதற்கு முன் வெப்பமானி வைத்துப் பாருங்கள். புகை, புகையிலை, மது இருந்தால் இப்போதே நிறுத்த வேண்டும் என்பதை அவரே அறிவார்.

கடைசியாக, பல்லைப் பற்றி. புண் ஆறிவிடும், உமிழ்நீர் பழையபடி முழுதாகத் திரும்புவது அரிது. உமிழ்நீர் இல்லாத வாயில் சில மாதத்திலேயே ஈறை ஒட்டிப் பற்கள் கரையத் தொடங்கும். 5000 பிபிஎம் அளவு ஃப்ளோரைடு உள்ள பசையைப் பல் மருத்துவர் எழுதித் தருவார், அதை நிறுத்தாமல் பயன்படுத்த வேண்டும். மூன்று நான்கு மாதத்துக்கு ஒருமுறை காட்டிக்கொள்ளுங்கள். இனி அவருக்குப் பல் பிடுங்குவது சாதாரண விஷயமல்ல. அதிகக் கதிர் பட்ட தாடையெலும்பில், குறிப்பாகக் கீழ்த்தாடையில், பிடுங்கிய குழி ஆறாமல் எலும்பே செத்துப்போகலாம். ஐந்து, பத்து ஆண்டு கழித்தும் இந்த அபாயம் போகாது. எனவே சிகிச்சை முடிந்ததும் எந்தப் பகுதிக்கு எத்தனை கிரே கொடுத்தார்கள் என்ற சுருக்கத்தை மருத்துவமனையில் எழுதி வாங்கிப் பத்திரப்படுத்துங்கள். எந்தப் பல் மருத்துவரின் நாற்காலியில் உட்கார்ந்தாலும், ஊசி போடும் முன் அப்பா அந்தத் தாளை அவர் கையில் கொடுக்க வேண்டும்.